உச்சிவெயிலில் திருப்பிப்போட்ட தோட்டம்

என் வலது கை செத்துப்போன செய்தி எனக்கே மூன்றாவதாகத்தான் தெரிய வந்தது. முதலில் தெரிந்துகொண்டவர் சூளூர்பேட்டை வியாபாரி ஒருவர். இரண்டாவது, இந்திராணியக்கா.

கைப்பேசியில் படம் அனுப்பி விலை பேசுகிற காலம்தான் இது. ஆனாலும் எங்கள் கருவாட்டு வியாபாரத்தில், பெரிய சரக்கென்றால் பழைய ஆட்கள் இன்னும் துண்டுக்கடியில்தான் பேரம் பேசுவோம். இரண்டு பேர் கைமேல் ஒரு துண்டு. உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அதற்கு மேலென்றால் ஐந்தைப் பிடித்து விட்டு, மிச்சத்தை மறுபடி பிடிக்க வேண்டும். சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு முகங்கள் மட்டும்தான் தெரியும். அந்த முகங்களில் ஒன்றும் தெரியாது. எனக்கு எழுத்தைப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது, எண்ணை என் நைனாவின் விரல்கள் சொல்லிக்கொடுத்தன.

இரண்டு வருடத்துக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒருநாள், பழவேற்காடு தோணிரேவில் இருக்கிற எங்கள் கருவாட்டுக் களத்தில் அந்த சூளூர்பேட்டைக்காரர் என் விரலைப் பிடித்தார். எத்தனை விரல் என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்தார் என்பதே தெரியவில்லை. தெரியாததை வெளியே காட்டிக்கொள்கிற வழக்கம் எங்கள் வம்சத்தில் கிடையாது. ஆகவே கம்பீரமாகத் தலையாட்டினேன். மூன்று மாத நெத்திலி பாதி விலைக்குப் போயிற்று. அவர் நல்ல மனுஷர். சந்தோஷப்படுவதற்குப் பதில் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தார்.

கருவாடு காயப்போடும் மேடைக்குப் பக்கத்தில் நின்று இந்திராணியக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் களத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறவள், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கையில் இருந்த கூடையைப் போட்டுவிட்டு வந்து எதிரில் நின்றாள்.

"மொதலாளி, சிரி."

"எதுக்குக்கா?"

"சிரின்னா சிரி."

சிரித்தேன். பாதி முகம்தான் சிரித்ததாம்.

அப்புறம் யாரையும் அவள் கேட்கவில்லை. ரோட்டில் போன மீன் வண்டியைக் குறுக்கே நின்று மறித்தாள். டிரைவர் இடமில்லை என்றிருக்கிறான். ஐஸ் பெட்டிகள் மேலேயே என்னைப் படுக்க வைத்து, தலையை மடியில் தாங்கிக்கொண்டு, பொன்னேரி ஆஸ்பத்திரி வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். பக்கவாதம், இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கையோடு பேச்சும் போயிருக்கும் என்றார் டாக்டர். பேச்சு போன வியாபாரியை வைத்துக்கொண்டு என் மனைவி மாலா என்ன செய்திருப்பாள்? மூன்று தலைமுறையாகக் கருவாடு விற்ற குடும்பத்தில், ஐஸில் வைத்துப் புது மீனாகப் போய்ச் சேர்ந்தவன் நான் ஒருவன்தான்.

பேச்சு தப்பியது. கை தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே அதைத் தூக்கி எறிந்துவிட்டேன். இந்திராணியக்கா அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள், கூடவே ஒரு தாம்பாளம் நிறைய மணல், மணலுக்குள் நெத்திலி.

"பந்த அழுத்தி இன்னா பண்ணப்போற, மேட்ச் ஆடப்போறியா? இதுல கீற நெத்திலிய ஒண்ணொண்ணா எடுத்து அந்தத் தட்டுல வை."

"முடியலக்கா."

"முடிஞ்சா நான் ஏன் வரப்போறேன்? எடு."

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று பார்த்து ஆறு மாதமாகிவிட்ட சம்பந்திகள் மாதிரி இருந்தன. அவளே இரண்டையும் பிடித்துச் சேர்த்து வைத்தாள். "அழுத்தாத, நசுங்கிடும். விட்டுடாத, வழுக்கிடும். எடு, வை, கைய எடு." தினமும் வேலைக்கு முன்னால் அரை மணி நேரம். முடிவில் என் துண்டையே எடுத்து என் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பரீட்சை.

"எத்தினி?"

"மூணு."

"ரெண்டு. குத்துமதிப்பா சொல்லாத. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

எட்டாவது மாதம் ஒரு காலையில், துண்டுக்கடியில் அவளுடைய விரலின் சொரசொரப்பு எனக்குத் தெரிந்தது. உப்பில் வெடித்த விரல். "நாலு" என்றேன். அவள் துண்டை உதறி என் தோளில் போட்டுவிட்டு, "போ, போய் வேலையப் பாரு" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனவள், மேடை ஓரத்தில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை மாலா பார்த்திருக்கிறாள். என்னிடம் அக்கா காட்டவில்லை.

எந்தப் பொருளுக்கும் விலை சொல்லத் தெரிந்தவன் என்று பழவேற்காடு பஜாரில் எனக்குப் பெயர். அந்தப் பெயர் இந்திராணியக்காவிடம்தான் கெட்டது. பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் களத்துக்குப் புதிதாக வந்த செவ்வந்தி அதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாள். மோதிரம் வாங்கிக் கொடுத்தேன். சென்னாக்கூனி என்கிற பொடி இறால் பொட்டலத்துக்குள் வைத்து மாலாவிடம் திருப்பி அனுப்பிவிட்டாள். குழம்பில் போயிருந்தால் என் பல் போயிருக்கும். கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"இன்னாதான் வேணும் உனக்கு? வாயத் தொறந்து சொல்லேன்."

"ஒண்ணும் வேணாம்."

"சும்மா எப்படிக்கா இருக்கிறது?"

"இருந்து பழகு. நீ குடுத்து நான் வாங்கிட்டேன்னு வை, நமக்குள்ள தீந்துபூடும். அப்பால நான் இன்னான்னு சொல்லிகினு உன் வாசலுக்கு வர்றது?"



போன ஐப்பசியில் அவள் முழங்கால் பேசத் தொடங்கிவிட்டது. அனுப்பம்பட்டில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மகள் கலைவாணி வீடு வாங்கியிருந்தாள். மாடி வீடு. "பொங்கல் தாண்டி வர்ற வியாயக்கெயம போறேன்" என்று ஒருநாள் மீன் அள்ளிக்கொண்டே சொன்னாள். மூன்று மாதம் இருந்தது எனக்கு. அவள் போவதற்குள் அவள் வேண்டாமென்று சொல்ல முடியாத ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் இந்தக் கையை வைத்துக்கொண்டு சாப்பிடுகிற ஒவ்வொரு பிடிச் சோறும் கடன் கணக்கில் ஏறும்.

அந்த ஒன்று என்ன என்பது எலிசபெத் டீச்சர் வீட்டில் தெரிந்தது. பஜார் தெருவில் மாடியில் குடியிருக்கிற டிராயிங் டீச்சர், நாற்பது வயதிருக்கும். என்னிடம் கருவாடு வாங்கும்போது பேரம் பேசவே மாட்டார். அது எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை. அன்றைக்கு வாளை கொண்டுபோய்க் கொடுத்தபோது சுவரில் அவர் வரைந்த ஒரு படம் மாட்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். பெயிண்ட் டப்பா தவறி விழுந்த மாதிரி இருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடித் திரும்பினால், அந்தக் கறைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து, ஒரு தோட்டம், தோட்டத்தில் குடையோடு ஒரு பெண். இலைகள் அசைந்ததாகவே எனக்குத் தோன்றியது.

"டீச்சர், இது இன்னா வித்தை?"

"இம்ப்ரெஷனிசம்னு சொல்லுவாங்க சார். ஆயில் பெயிண்ட். நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி பிரான்ஸ்ல சில பேர் ரூம்ல உக்காந்து வரையறத விட்டுட்டுத் தோட்டத்துக்கே போயிட்டாங்க. வெளிச்சம் மாறிக்கிட்டே இருக்குமில்ல? மாறுறதுக்குள்ள புடிக்கணும். அதனால இலையை வரைய மாட்டாங்க, இலை மேல விழற வெளிச்சத்தை வெப்பாங்க."

ஐஸ் உருகுவதற்குள் விற்கிற கதை. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்ததாக நினைத்தேன்.

களத்தின் கிழக்கு மூலையில் இந்திராணியக்காவின் தோட்டம் இருந்தது. உப்பு மண்ணில் எதுவும் வராது என்று நாங்கள் எல்லோரும் சொன்ன இடம். உடைந்த தெர்மாகோல் மீன் பெட்டிகளில் திருப்பாலைவனத்து வயல்மண்ணைப் போட்டு, கனகாம்பரமும் சாமந்தியும் டேபிள் ரோஸும் வளர்த்தாள். பெட்டியில் தேறி வேர் பிடித்த ஒரு செம்பருத்தியும் ஒரு அரளியும் தரையிலேயே இறங்கி, ஆளுயரம் தாண்டிவிட்டன. வேலை முடிந்து மாலை நாலு மணிக்கு, லாரித் தண்ணீரில் அவள் பங்குக்குக் கிடைக்கிற இரண்டு குடத்தில் ஒன்றை அதற்கு ஊற்றுவாள். மாடி வீட்டுக்கு எதைத் தூக்கிக்கொண்டு போவாள்? அந்தத் தோட்டத்தை, அவளோடு சேர்த்து, சுவரில் மாட்டுகிற மாதிரி கொடுத்தால்? அதுவும் அவள் திருப்பிக் கொடுத்த கையாலேயே வரைந்தால்?

மாலாவிடம் சொன்னேன்.

"ஊர்ல அவனவன் பொண்டாட்டிய வரைவான்" என்றாள்.

"அது இல்ல மாலா..."

"இன்னா இல்ல? அந்தம்மா இல்லாங்காட்டி வரையறதுக்கு நீயே இருந்திருக்க மாட்ட. போ, போய் வரை. வெள்ளை வேட்டில பண்ணிகினு வந்த, நான் தோய்க்க மாட்டேன்."

வண்ணம் வாங்கச் சென்னைக்குப் போன கதையைச் சொன்னால் என் வம்சத்துக்கே அவமானம். பற்பசையில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளை டியூபுக்கு அவன் சொன்ன விலையில் நடுத்தர வஞ்சிரம் ஒன்று வாங்கலாம். குறைத்துக் கேட்டேன். "ஃபிக்ஸட் ரேட் சார்" என்றான். மூன்று முறை கடையைவிட்டு இறங்கி நடந்தேன். மூன்று முறையும் அவன் கூப்பிடவில்லை. நாலாவது முறை நானே ஏறிப்போய் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் பாடம். முதல் நாளே சண்டை. செம்பருத்தியின் நிழலுக்குக் கறுப்பை எடுத்தேன்.

"கறுப்பு வேணாம் சார். நிழல் கறுப்பு கிடையாது."

"பின்னே?"

"சாயங்காலம் போய் மணல் மேல விழற நிழலைப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஐம்பத்தேழு வருடமாக அந்த மணலில் நடக்கிறவன். நிழல் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. ஓரத்தில் நீலம். ஏமாற்றப்பட்டவன் போல உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் அடுத்த ஞாயிறு, "ஓரத்துல மட்டும் கொஞ்சூண்டு கறுப்பு வெச்சுக்கட்டா டீச்சர்? பாதிக்குப் பாதி?" என்று கேட்டுப் பார்த்தேன். அவர் அந்த டியூபையே பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொன்னார். அப்போதுதான் சின்னச் சின்ன விவரம் மறைந்து வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்குமாம். நான் அதுவரை விலையைக் குறைக்க மட்டுமே கண்ணைச் சுருக்கியிருக்கிறேன். முதல் பூச்சை டர்பன்டைன் கலந்து நீர்க்கப் போட வேண்டும், மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும் என்றார். அதெல்லாம் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான்: இலையை விடுவது. சரக்குத் தரம் பிரித்தே வளர்ந்த கண் எனக்கு. ஒவ்வொரு இலையையும் நரம்போடு வரைந்து, பக்கத்து இலையோடு சேராமல் கோடு கட்டினேன். முகத்துக்கு மட்டும் நாலு வாரம். மூக்குத்தியில் கல் தெரிய வேண்டுமென்று ஒரே ஒரு முடி உள்ள தூரிகை தேடினேன்.

"சார், இதெல்லாம் எண்ணி வெச்ச மாதிரி இருக்கு. தோட்டம் மூச்சே விடல."

"எண்ணி வைக்கலன்னா ஏமாத்திடுவாங்க டீச்சர்."

"யாரு? செம்பருத்தியா?"

நாலு மணிக்கு இந்திராணியக்கா தண்ணீர் ஊற்றும்போது நான் உப்புக் கொட்டகை ஓரத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவேன். இரண்டாவது வாரமே அவள் கேட்டுவிட்டாள்.

"இன்னா மொதலாளி, தெனம் என்னையே பாத்துகினு கீற? மாலாவாண்ட சொல்லட்டா?"

"பேப்பர் படிக்கிறேன்க்கா."

"தலைகீயா வெச்சிகினு கீறியே, அதான் கேட்டேன்."

பொங்கல் முடிந்த ஞாயிறு படம் முடிந்தது. அவள் கிளம்ப நாலே நாள். டீச்சர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது மேலாப்ல காயவே பத்து நாள் ஆகும் சார். அவசரப்படுத்தாதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. காயவைப்பதைப் பற்றி எனக்கே பாடமா? மூன்று தலைமுறையாக நாங்கள் வேறு என்னதான் செய்துகொண்டிருக்கிறோம்?

செவ்வாய்க்கிழமை இந்திராணியக்கா திருப்பாலைவனம் கோயிலுக்குப் போயிருந்தாள், ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் ஒரு கும்பிடு. நல்ல சமயம். காலை எட்டு மணிக்குப் படத்தைக் கொண்டுபோய், கடைசி மேடையில், விரித்துக் கட்டிய வலைமேல் நெத்திலிக்குப் பக்கத்தில் முகம் மேலே இருக்க வைத்தேன். காக்கா வராமலிருக்க நாலு குச்சி நட்டு மேலே ஒரு பழைய வலையும் கட்டினேன். செவ்வந்தியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, படத்துக்கு மரச்சட்டம் வாங்கப் பொன்னேரிக்கு பஸ் ஏறினேன்.

எங்கள் களத்தில் ஒரு சட்டம் உண்டு. நான் போட்டதுதான். உச்சிவெயில் வந்ததும் மேடையில் கிடப்பது எதுவாக இருந்தாலும் திருப்பிப் போட வேண்டும். எதற்கு, ஏன், இது காய்ந்துவிட்டதே என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டுக்கொண்டு நின்றால் வெயில் போய்விடும். புதிதாக வந்த செவ்வந்திக்கு இதை நானே மூன்று முறை சொல்லியிருந்தேன்.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது கடைசி மேடையில் படத்தின் முதுகு தெரிந்தது. முதுகின் மேல் இரண்டு கல்.

"செவ்வந்தி!"

"திருப்பிட்டேன் மொதலாளி" என்றாள், பாராட்டை எதிர்பார்த்த முகத்தோடு. "காத்துல பறந்துடப் போவுதேன்னு கல்லு வெச்சேன். வாளைக்குத் தட்டற மாதிரி லேசா தட்டியும் வுட்டேன்."

"அடிப்பாவி, அது படம்னு தெரியல?"

"தெரிஞ்சுது. ஒரு பக்கம் இன்னும் ஈரமாவே கீதேன்னுதான் கவுத்தேன். பின்பக்கம் பாரு, ஷோக்கா காஞ்சிகீது."

திட்ட வாயெடுத்தேன். சட்டம் என்னுடையது. அவளுக்கு முன்னாலேயே படத்தைத் தூக்கினேன். ஈர மாவிலிருந்து இலையைப் பிரிக்கிற சத்தத்தோடு வந்தது. படம் முழுக்க வலையின் கண்கள். முடிச்சு விழுந்த இடமெல்லாம் வண்ணம் பிதுங்கி, ஒரு பச்சை பக்கத்துப் பச்சையோடு கலந்து, கனகாம்பரத்தின் ஆரஞ்சு நிழலின் கத்தரிப்பூ நிறத்துக்குள் ஏறி இருந்தது. ஒட்டிக்கொண்ட மணல். அங்கங்கே நெத்திலிச் செதில். முகம் இருந்த இடத்தில், நாலு வார மூக்கும் மூக்குத்தியும், ஒரு பழுப்புக் கசங்கல்.

நான் மேடை ஓரத்தில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். செவ்வந்தி நான் வாங்கி வந்த சட்டத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வியாழன் காலை பஸ்ஸில் இந்திராணியக்கா வெறுங்கையோடு ஏறுவதை நான் பார்க்கப்போகிறேன். அது ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பள்ளி விட்டதும் எலிசபெத் டீச்சர் வந்தார். படத்தைக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பின்னாலேயே நடந்து போனார். பத்தடி, பதினைந்தடி. திரும்பி வரவில்லை.

"சார், இங்க வாங்க."

போனேன்.

"இப்பப் பாருங்க. மூணு மாசமா நான் சொன்னது."

கண்ணைச் சுருக்கினேன். இலைகள் இல்லை. எண்ணி வைத்த ஒரு இலைகூட மிச்சமில்லை. அந்த இடத்தில் நாலு மணி வெயில் செம்பருத்திமேல் துண்டுதுண்டாக விழுந்துகொண்டிருந்தது. தோட்டம் மூச்சு விட்டது.

"எல்லா இடமும் இல்ல. இங்கயும் இங்கயும் வலை வலையாவே தெரியுது, அதை மட்டும் காஞ்ச பிரஷ்ல லேசா இழுத்து விடலாம். மத்தத நானே வெச்சிருந்தாகூட இவ்ளோ தைரியமா வெச்சிருக்க மாட்டேன்" என்றார் டீச்சர். "யாரு பண்ணது?"

செவ்வந்தி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"ஆனா அக்கா போயிட்டாங்களே டீச்சர். முகமே இல்லியே."

"முகத்தை மறுபடி போடாதீங்க. இவ்ளோ தள்ளி நின்னா உங்களுக்கு அவங்க முகம் தெரியுமா?"

"தெரியாது."

"ஆனா அவங்கதான்னு தெரியுமில்ல? எதை வெச்சு?"

மறுநாள் புதன்கிழமை. இந்திராணியக்கா கடைசியாகத் தண்ணீர் ஊற்றுகிற நாள். மூன்றே முக்காலுக்குக் கொட்டகைக்குள் படத்தை வைத்துக்கொண்டு, சாக்குத் திரையை விலக்கிக் காத்திருந்தேன். அவள் குடத்தோடு வந்தாள். வலது முழங்காலில் பாரம் விழாமல் இடுப்பை ஒருபக்கம் ஒடித்து, புடவையை முட்டிவரை தூக்கிச் செருகி, இடது கையால் இடுப்பில் அணைத்த குடத்தை நேராகச் சாய்க்காமல், வலது உள்ளங்கையில் வாங்கி வாங்கி வேருக்கு விட்டாள். தண்ணீரை அவள் ஊற்றியே நான் பார்த்ததில்லை. எப்போதும் ஊட்டத்தான் செய்வாள்.

தூரிகையை எடுத்தேன். இவ்வளவு நாளும் அதை எப்படிப் பிடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் பார்த்தேன். துண்டுக்கடியில் எதிராளியின் விரலை நசுக்குகிற பிடி. வண்ணத்தை அழுத்தி, ஒப்புக்கொள்ளும்வரை விடாத பிடி.

எடு. வை. கையை எடு.

புடவையின் ஊதா, ஒன்று. ஒடிந்த இடுப்பு, இரண்டு. குனிந்த முதுகில் வெயில் விழுந்த மஞ்சள், ஒன்று. கொண்டை. கை. இன்னொரு கை. நெத்திலியை எடுத்துத் தட்டில் வைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எட்டு முறைதான் தூரிகை படத்தைத் தொட்டது. முகத்துக்கு அரளி நிழலின் நிறத்தில் ஒரே ஒரு தொடல். அவள் காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தபோது வெளிச்சம் செம்பருத்தியைவிட்டு இறங்கிவிட்டிருந்தது. நானும் முடித்திருந்தேன்.

வியாழன் காலை, இரண்டு பையோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் அவள் களத்துக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். மாலா கண்ணைத் துடைத்தபடி சட்டம் மாட்டிய படத்தைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தாள்.

இந்திராணியக்கா மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டப் போனாள்.

"இன்னாது இது? பாசி புடிச்ச சொவுரு மாதிரி கீது."

"தள்ளி நின்னு பாருக்கா."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வைத்தாள். ஒரு அடி. இரண்டு. ஐந்தாவது அடியில் நின்றுவிட்டாள். நான் எத்தனையோ சரக்கை விரித்துக் காட்டி வாங்குகிறவர்களின் முகத்தைப் படித்திருக்கிறேன். இந்த முகத்தைப் படிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தண்ணி வுடச்சொல்ல நான் இப்படியா ஒடிஞ்சி நிக்கிறேன்?"

"அப்படியேதான்" என்றாள் மாலா.

"அதான் முட்டி போச்சி." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கைல இருந்து இன்னாவோ மினுங்குதே?"

"நெத்திலிச் செதில். அதுவா ஒட்டிகிச்சு. தண்ணி விழற இடத்துலயே ஒட்டிகிச்சு. டீச்சர் எடுக்க வேணாம்னு சொல்லிட்டாங்க."

"யாரு போட்டது இத?"

நான் வலது கையை நீட்டிக் காட்டினேன். நகக்கண்ணில் பச்சை இன்னும் போகவில்லை.

அவள் என் கையையே பார்த்தாள். அப்புறம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள், எனக்குத் தெரிந்த முகம் அது. "வேணாம் மொதலாளி. நான்தான் அப்பவே சொன்னேனே. வாங்கிகினு போய்ட்டா தீந்துபூடும்."

மூன்று மாதமாக நான் பயந்த வார்த்தை வந்துவிட்டது. என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. முந்தின நாள் சாயங்காலம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது டீச்சர் சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது.

"தீரலக்கா. இது இன்னும் முடியவே இல்ல. மேலாப்ல காய பத்து நாள் ஆவும். உள்ள வரைக்கும் காய ஆறு மாசம். அப்பால மேல வார்னிஷ் அடிச்சாதான் படம் முழுசாவும். அதுக்கு முன்னாடி அடிச்சா வெடிச்சிடும். டீச்சரக் கேட்டுப் பாரு."

"யாரு வந்து அடிக்கிறது?"

"வரைஞ்சவன்தான் வந்து அடிக்கணும்."

"அனுப்பம்பட்டுக்கா?"

"ட்ரெயின் வருதில்ல?"

"காயாத சரக்கத் தள்ளி வுடறியே, நீயெல்லாம் ஒரு யாவாரி."

"கருவாட்டக் கேட்டா காஞ்சத குடுப்பேன்."

செவ்வந்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இந்திராணியக்கா சிரிக்கவில்லை. என் தோளிலிருந்த துண்டை உருவி என் வலது கைமேல் போட்டாள். உள்ளே அவள் கை வந்தது. என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள். விட்டாள். மறுபடி ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தாள். வெடித்த விரலின் ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரிந்தது.

"எத்தினி?"

"ஆறு."

"ஆறு மாசம். ஒரு நாள் தள்ளுச்சின்னு வை, கலைவாணிய வுட்டு நானே பூசிப்பேன். அது வெடிச்சா நீதான் பொறுப்பு."

துண்டை எடுத்து என் தோளில் பழையபடி போட்டுவிட்டு, படத்தைத் தூக்கினாள். மாலா பெட்டியை எடுத்துக்கொண்டாள். பொன்னேரி பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, படத்தை மடியில் முகம் மேலே இருக்கும்படி வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் நகரும்போது செவ்வந்தி கூடவே ஓடினாள்.

"யக்கா, உச்சிக்குத் திருப்பிப் போட்டுடாத!"